போகிற தண்ணீருக்கு முதலில் வழி

வண்டிக்குள் பாத்ரூம் கட்ட எவ்வளவு இடம் வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் இளம் தம்பதியும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, அடுப்பு மேடையும் வைத்துவிட்டார்கள். பாக்கி இருப்பது கழிப்பறையும் குளியலறையும். பெங்களூர் வைட்ஃபீல்டை ஒட்டிய காடுகோடியில் ஒரு பேக்கரி வாசலில் டீ டம்ளரோடு நிற்கும்போது அந்தப் பையன் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தே காட்டினார். "அங்கிள், ரெண்டடிக்கு மூணடி போதுமா?"

"தாராளமா போதும் தம்பி. நிறைஞ்ச டேங்கை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்த வீடியோக்களில் அதைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லை என்றார் அந்தப் பெண். அந்த வீடியோக்களில் பாதி அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே குதிரை வளர்ப்பவர்கள் போட்டிக்கும் நெடுந்தூரச் சவாரிக்கும் குதிரைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பின்பாதி குதிரைக்கு, முன்பாதி மனிதருக்கு. அந்த முன்பாதியில் தாங்களே பலகை அடித்து, குழாய் இழுத்து, மூலையில் ஒரு குளியலறை கட்டிக்கொள்கிறார்கள். நல்ல வேலைப்பாடுதான், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் இரவு தங்கும் இடங்கள் பலவற்றில் கழிவைக் கொட்டுவதற்கென்றே சாக்கடையோடு இணைத்த ஒரு குழி உண்டு. கழுவிவிடப் பக்கத்திலேயே குழாயும் உண்டு. வண்டியை ஓரங்கட்டி, ஹோஸைச் சொருகி, வால்வைத் திறந்தால் வேலை முடிந்தது. நம் ஊர் நெடுஞ்சாலையில் அப்படி ஒரு குழியைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்களுடைய வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டினால் நம் ஹோஸின் மறுமுனை கையிலேயே நிற்கும்.

அதனால்தான் உள்ளே வருகிற தண்ணீரை விட்டுவிட்டு வெளியே போகிற தண்ணீரிலிருந்து கணக்கை ஆரம்பிக்கச் சொல்கிறேன். இடம், பலகை, ஷவர் எல்லாம் அதற்குப் பிறகு தானாக அமையும்.

சாலையோர மழைநீர்க் கால்வாயில் ராத்திரியில் ஊற்றிவிடலாம் என்று ஒரு நண்பர் அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். வைட்ஃபீல்டில் இருந்துகொண்டு அந்த யோசனையை ஏற்கவே கூடாது. இங்கே ஓடும் ராஜகாலுவேக்கள், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய்கள், வர்த்தூர் ஏரிக்கும் அதன் சுற்றுப்புற ஓடைகளுக்கும் போகின்றன. வர்த்தூரிலிருந்து வழிகிற நீர் தென்பெண்ணையில் சேர்கிறது. தென்பெண்ணை ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். பெல்லந்தூரிலும் வர்த்தூரிலும் நுரை பறந்த படங்களை நாம் பார்த்திருக்கிறோம். கெலவரப்பள்ளியிலிருந்து திறந்துவிடும் தண்ணீரிலும் அதே போல் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ஊர் கிருஷ்ணகிரி. "எங்க அப்பா வயலுக்குப் பாய்ற தண்ணி அது, அங்கிள்" என்றார். நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓடுகிற வண்டியிலிருந்து கழிவைக் கீழே விடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. நம் ரயில்கள் நூறு வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தன. கழிப்பறை என்றால் தண்டவாளத்தைப் பார்த்த ஒரு ஓட்டை, அவ்வளவுதான். ஸ்டேஷனில் நிற்கும்போது உபயோகிக்காதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். விழுந்ததை யார் அள்ளினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 2013இல் வந்த சட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தண்டவாளம் சுத்தம் செய்தவர்களின் பேச்சும் வந்தது. இராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவோடு சேர்ந்து ரயில்வே பயோ டாய்லெட்டுகளைக் கொண்டுவந்தது. முதல் ரயில் 2011 ஜனவரியில் குவாலியரிலிருந்து வாரணாசிக்கு ஓடிய புந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸ். 2016 ஜூலையில் மானாமதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலான 114 கிலோமீட்டர், தண்டவாளத்தில் கழிவு விழாத நாட்டின் முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையில் வேலை செய்யும் டிராக்மேன்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைச் சின்ன வயதில் ரயில்வே குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப நாமளும் பயோ டாய்லெட் வெச்சுடலாமே?" என்றார் பையன். நியாயமான கேள்வி. அந்தத் தொட்டிக்குள் வேலை செய்வது காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா. அதற்குத் தொடர்ந்து தீனி வேண்டும், கழிவு சில நாட்கள் உள்ளே தங்கி நகர இடம் வேண்டும். ரயில் பெட்டி தினமும் ஓடும், தொட்டியும் பெரிது. அப்படியிருந்தும் பாட்டிலும் துணியும் போட்டு அடைத்துக்கொள்ளும் புகார்களை 2017இல் வந்த சிஏஜி அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் பேஸ்மென்ட்டில் நிற்கும் வண்டியில் அந்தப் பாக்டீரியா பட்டினி கிடக்கும். வண்டிக்காகவென்று சின்னதாகச் செய்து விற்பதை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, வண்டிக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்தும் பெரிய மலத் தொட்டி. குழி இல்லாத நாட்டில் இது வேண்டாம். செப்டிக் டேங்க் லாரி அழைத்து உறிஞ்சச் சொல்லலாம்தான். அந்த லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதும் நம் பொறுப்புதானே. பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் 2015இல் தொடங்கிய கழிவுச் சகதி சுத்திகரிப்பு நிலையமும், செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் இருக்கும் நிலையமும் நல்ல முன்னுதாரணங்கள். ஆனாலும் இரண்டு பேர் வாரக் கடைசியில் சேர்க்கும் கழிவுக்காக ஒரு லாரியை அழைப்பது பொருத்தமான ஏற்பாடு அல்ல.

இரண்டாவது, கேசட் வகை. உட்காரும் பகுதிக்குக் கீழே 18 முதல் 20 லிட்டர் பிடிக்கும் ஒரு பெட்டி. நடுவில் ரப்பர் ஓரம் வைத்த ஒரு தகட்டு மூடி. நிறைந்ததும் பெட்டியைத் தனியாகக் கழற்றி, சூட்கேஸ் மாதிரி கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், நம் வீட்டுக் கழிப்பறையிலேயே ஊற்றிவிடலாம். வைட்ஃபீல்டின் பெரிய அடுக்குமாடிகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்டிபி இருக்கிறது, கழிவு முறையாகப் போய்ச் சேரும். நம் கழிவை நாமே தூக்குகிறோம், வேறொருவர் கையில் கொடுக்கவில்லை. எனக்கு இந்த வழி பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு எச்சரிக்கை: நாற்றத்துக்கென்று ஊற்றும் நீல மருந்துகள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். கிருமியைக் கொல்வதுதான் அதன் வேலை, எஸ்டிபி நடப்பதே கிருமிகளால்தான். அது இல்லாத மருந்தாகப் பார்த்து, சொன்ன அளவுக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும்.

இங்கேதான் வீடியோக்கள் சொல்லாத இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த 18 லிட்டர், காகிதத்தால் துடைப்பவர்களுக்குப் போட்ட கணக்கு. நாம் தண்ணீரால் கழுவுகிறோம். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்குச் சிறுநீர் மட்டும் சுமார் 3 லிட்டர். ஒவ்வொரு தடவையும் கால் லிட்டருக்குள் ஊற்றி அலசினால் அதுவே 2 லிட்டருக்கு மேல். காலைக்கடனுக்கு அலசவும் கழுவவும் அளந்து ஊற்றினால் இன்னும் ஒரு 3 லிட்டர். மொத்தம் எட்டு, ஒன்பது லிட்டர். பெட்டி இரண்டு நாள் தாங்கும். வீட்டில் இருப்பது போல ஹெல்த் ஃபாசெட் மாட்டிக்கொண்டால், கை அழுத்திய நேரமெல்லாம் லிட்டர் கணக்கில் போகும். பெட்டி ஒரே நாளில் கழுத்து வரை வந்துவிடும். அதனால் ஃபாசெட் வேண்டாம். அரை லிட்டர் பிடிக்கும், மூடியில் வளைந்த மூக்கு வைத்த அமுக்கு பாட்டில் ஒன்று போதும். குறைந்த தண்ணீரில் நன்றாகக் கழுவலாம்.

மூன்றாவது வழி, உலர் கழிப்பறை. இதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டியதே இல்லை, முசிறியைப் பார்த்தால் போதும். திருச்சி மாவட்டத்து முசிறிப் பகுதியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாக எக்கோசான் கழிப்பறைகளைக் கட்டிவருகிறது. அதை நிறுவிய மாராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பீங்கானில் மூன்று இடம் உண்டு. முன்னால் சிறுநீருக்கு ஒரு வழி, நடுவில் மூடி போட்ட மலக்குழி, பின்னால் தள்ளி உட்கார்ந்து கழுவிக்கொள்ளத் தனிச் சரிவு. மலத்தின் மேல் ஒரு பிடி சாம்பல் தூவி மூட வேண்டும். மூன்றும் கலக்காதவரை நாற்றம் பெரும்பாலும் இல்லை. சிறுநீரும் மலமும் கலந்த பிறகுதான் அந்தக் குமட்டல் வருகிறது. தண்ணீரால் கழுவுகிற மக்களுக்காகவே யோசித்துச் செய்த அமைப்பு இது. வண்டிக்குள் இதே கணக்கைச் சின்னதாகச் செய்யலாம்: சிறுநீருக்கு ஒரு கேன், கழுவிய நீருக்குத் தனியாக ஐந்து லிட்டர் கேன், மலத்துக்கு மூடியுள்ள ஒரு வாளி. ஆனால் அந்த வாளியில் இருப்பது எருவாக மாதக்கணக்கில் மூடிக் கிடக்க வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். அடுக்குமாடி பால்கனியில் அதைச் செய்ய முடியாது. ஊரில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு, ஃபிளாட்காரர்களுக்குக் கேசட்.

அந்தப் பெண்ணிடம் எதற்காக இவ்வளவு சிரமப்பட்டுப் பாத்ரூம் வேண்டும் என்று கேட்டேன். ஊருக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீரே குடிக்காமல் போகிறேன் என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் அவர்களோடு உட்காரத் தயாராக இருந்தேன். பேருந்திலும் காரிலும் போகும் பெண்கள் பலர் இதைச் சொல்வார்கள், சொல்லாமல் அடக்கிக்கொள்பவர்கள் இன்னும் அதிகம். 2024 ஆகஸ்ட்டில் வெளியான கேரளத் திரைத்துறை பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கையிலும் படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய்த்தொற்றில் அவதிப்பட்ட பெண்களைப் பற்றி இருந்தது. நட்சத்திரங்களுக்குக் கேரவன் இருக்கும் அதே தளத்தில்தான். வைட்ஃபீல்டின் கன்டெய்னர் டிப்போ பக்கம் போனால் இன்னொன்றும் தெரியும். நாமக்கல், சேலம் லாரிகள் சரக்கு ஏற வரிசையில் நிற்கும். ஓட்டுநரும் கிளீனரும் அதிலேயேதான் சமைத்து, தூங்கி, நாட்களைக் கடத்துகிறார்கள். புதிய லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது, வரவேற்க வேண்டிய விதி. கழிப்பறைக்கு அப்படி ஒரு விதி வரவில்லை. வாரக் கடைசிக்கு ஊர் சுற்றும் நமக்கு இருக்கிற வழி அவர்களுக்கும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அந்த லாரிகளைச் சும்மா கடந்து போகாமல் பக்கவாட்டில் பாருங்கள் என்று பையனிடம் சொன்னேன். பாடிக்குக் கீழே, சேஸிஸோடு சேர்த்து இரும்புப் பட்டையால் கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி, அடியில் ஒரு பித்தளைக் குழாய். குழாய்க்கு நேர் கீழே ஒரு அகலச் சட்டி. அதில் பிடித்து, சக்கரத்தின் மறைவில் நின்று, குவளையால் மொண்டு குளித்துவிடுகிறார்கள். ஒரு ஆளுக்கு எட்டு லிட்டர் ஆனால் அதிகம். வண்டிக் குளியலுக்கு இதுதான் சரியான அளவு. வீட்டு ஷவர் நிமிடத்துக்கு ஒன்பது, பத்து லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடம் நின்றால் ஐம்பது லிட்டர் காலி. வாளியும் குவளையும் என்றால் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஷவர் வேண்டும் என்று அடம் பிடித்தால் கைப்பிடியிலேயே நிறுத்தும் பொத்தான் இருக்கிற சின்ன ஷவர் போடலாம். நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, அலசுவது.

இனிக் கணக்கு எளிது. இரண்டு பேர், இரண்டு நாள்: குளிக்க 32 லிட்டர், பாத்திரம் கழுவப் பத்து, கைகால் கழுவவும் கழிப்பறைக்கும் பதினைந்து சொச்சம். 60 லிட்டர் தொட்டி போதும். குடிநீர் தனியாக 20 லிட்டர் கேனில், அது எந்தக் குழாயோடும் சேரக் கூடாது. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் போய்ச் சேர வண்டிக்கு அடியில் 50 லிட்டருக்குக் குறையாத இன்னொரு தொட்டி. இந்த அழுக்குத் தொட்டியை மிகவும் கீழே இறக்கிவிடாதீர்கள். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரில் முதலில் அடிவாங்குவது அதுதான். சேஸிஸ் கட்டைகளுக்கு நடுவே ஏற்றிக் கட்டி, வால்வுக்கு முன்னால் ஒரு இரும்புத் தகட்டைக் காவலாக வைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் ஒரு கிலோ. நல்ல தண்ணீர் 60 கிலோ, பெட்டி, பலகை, தொட்டி எல்லாம் சேர்ந்து குளியலறை நூற்றிருபது கிலோவைத் தொட்டுவிடும். அதை எங்கே வைப்பது? கதவுக்குப் பக்கத்தில், வண்டியின் கடைசி மூலையில் வைத்தால் வசதி என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் தள்ளி பாரம் போகிறதோ அவ்வளவுக்கு முன்சக்கரத்தின் பாரம் தூக்கப்படும். ஸ்டீயரிங் லேசாகும், மழையில் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ, அடுப்பு மேடை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பது நல்லது. இழுத்துச் செல்லும் டிரெய்லர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மொத்தப் பாரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் விழ வேண்டும். பின்னால் கனத்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்ட ஆரம்பிக்கும், முன்னால் வண்டி ஓட்டுபவரால் அதை அடக்க முடியாது. குதிரை டிரெய்லர்களில் குளியலறை முன்மூக்கில் இருப்பதால் கொக்கியின் சுமை கூடிவிடும், அங்கே இழுக்கும் வண்டியின் தாங்குதிறனைப் பார்க்க வேண்டும்.

தொட்டி பாதி நிறைந்திருக்கும்போதுதான் அதிகம் அலசும். உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்த தொட்டியாகக் கேட்டு வாங்குங்கள். சிர்சி போகும் காட்டுப்பாதையிலும் ஏற்காடு மலையேற்றத்திலும் வித்தியாசம் புரியும்.

இப்போது அந்த இரண்டடிக்கு மூன்றடிக்கு வருவோம். கழிப்பறையும் குளியலும் ஒரே இடம், கழிப்பறைப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் குளிப்பது. தரைக்கு ஃபைபர் தட்டு ஒன்று, நான்கு பக்கமும் குறைந்தது நாலு அங்குலம் விளிம்பு எழும்பியதாக. தட்டில் ஒரே ஒரு வடிகால் ஓட்டை போட்டால் அது எப்போதும் தப்பான மூலையில் இருக்கும். வீட்டில் தரைக்குச் சரிவு கொடுத்துவிடலாம். வண்டி நிற்கும் தரையின் சரிவு நம் கையில் இல்லை. ஒரு நாள் முன்பக்கம் தாழ்ந்து நிற்கும், மறுநாள் இடப்பக்கம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டையும் கீழே ஒரே குழாயில் சேர்த்துவிடுங்கள்.

சுவருக்கு டைல்ஸ் கேட்டார் பையன். கனம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய சிக்கல் அதிர்வு. வர்த்தூர் ரோட்டில் நாலு தடவை போய்வந்தால் டைல்ஸ் நடுவே இருக்கும் பூச்சு விரியும். விரிசலில் போகிற நீர் வண்டியின் இரும்புத் தரைக்கு இறங்கும். மேலே எல்லாம் பளபளப்பாக இருக்கும், கீழே துரு அரித்துக்கொண்டிருக்கும். பிவிசி போர்டு அல்லது 710 முத்திரை உள்ள ஒட்டுப்பலகை, அதன் மேல் ஒரே துண்டாக ஃபைபர் ஷீட், மூலைகளுக்கு பியூ சீலன்ட். பலகை மைசூர் ரோட்டு டிம்பர் யார்டில் கிடைக்கும், வண்டிச் சாமான்களுக்கு ஜேசி ரோடு, மோட்டார் வகைகளுக்கு எஸ்பி ரோடு. குழாய்க்கு வீட்டில் போடும் சிபிவிசி வேண்டாம், ஒட்டிய இடம் அதிர்வில் விட்டுவிடும். வளையும் ஹோஸ், ஒவ்வொரு முனையிலும் ஸ்டீல் கிளிப்.

மோட்டார் விஷயத்தில் பலர் ஏமாறுவது ஆர்ஓ ஃபில்டர் பம்ப்பில். அது பெரும்பாலும் 24 வோல்ட், வண்டி பேட்டரி 12. வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் பம்ப் 12 வோல்ட்தான், நிமிடத்துக்கு மூன்று நாலு லிட்டர் தரும், குழாயை மூடினால் தானாக நிற்கும். கிருஷ்ணகிரியில் எந்த விவசாய மருந்துக்கடைக்குப் பக்கத்திலும் கிடைக்கும், கெட்டால் அங்கேயே சரிசெய்வார்கள். பம்ப்புக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். இரண்டும் இல்லாமல் இணைப்பே கொடுக்கக் கூடாது.

வடிகாலில் வீட்டில் போடும் வளைந்த குழாயில் தண்ணீர் நின்று நாற்றத்தை அடைக்கும். ஓடும் வண்டியில் அந்தத் தண்ணீர் தளும்பிப் போய்விடும், அல்லது இரண்டு வாரம் நின்றால் வற்றிவிடும். பிறகு அழுக்குத் தொட்டியின் வாடை படுக்கை வரைக்கும் வரும். ஒருவழியாக மட்டும் திறக்கும் ரப்பர் நாக்கு வைத்த வால்வு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். அழுக்குத் தொட்டியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு காற்றுக்குழாயும், குளியலறைக் கூரையில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும்.

வெந்நீருக்கு வருகிறேன். இதை மட்டும் நான் கெஞ்சிச் சொல்கிறேன். கேஸ் கீசரை வண்டிக்குள் வைக்காதீர்கள். காற்றோட்டமில்லாத வீட்டுக் குளியலறைகளிலேயே கார்பன் மோனாக்சைடால் உயிர் போயிருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றல் என்று உணர்வதற்குள் கை கால் அசையாது. ஆறு சதுர அடிப் பெட்டிக்குள் அதற்கு எந்த நியாயமும் இல்லை. பத்து லிட்டரை இருபது டிகிரி சூடேற்றக் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் போதும். 100 ஆம்பியர்-அவர் 12 வோல்ட் பேட்டரி முழுதாக 1.2 யூனிட் வைத்திருக்கும், சாதா லெட் ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். இரண்டு பேர் குளித்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். அதைவிட, கதவைத் திறந்து வைத்து, அடுப்பில் மூன்று லிட்டர் கொதிக்கவைத்து வாளியில் விளாவிக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்ததுதான்.

சட்டம் பற்றியும் கேட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. மோட்டார் கேரவன் என்று தனி வகை இருக்கிறது, அதற்கு ஏஐஎஸ் 124 என்ற தரமும் இருக்கிறது. உட்கார இடம், மேஜை, படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் இவை கேரவனுக்குக் கட்டாயம் என்கிறது விதிகளில் உள்ள வரையறை. கழிப்பறை அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அதனால் என் யோசனை: பக்கவாட்டுத் தகரத்தை வெட்டிக் கதவு வைத்துப் பொருத்தும் கேசட்டுக்குப் பதில், தூக்கி எடுத்துவிடக்கூடிய தனிப் பெட்டி வகையே போதும். பாடியில் வெட்டு விழாது. சீட்டுகளைக் குறைத்ததையும் கட்டில் போட்டதையும் கேஆர் புரம் ஆர்டிஓவில் வேலையை முடிப்பதற்கு முன்பே காட்டி, பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள என்ன வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டி தமிழ்நாட்டுப் பதிவு. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றத்தான் வேண்டும், இரண்டையும் ஒரே அலைச்சலில் முடிக்கலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும்.

வேலையின் வரிசையைப் பையன் போனில் குறித்துக்கொண்டார். முதலில் கழிப்பறைப் பெட்டியை வாங்கி வீட்டிலேயே இரண்டு நாள் உபயோகித்துப் பார்ப்பது. எத்தனை நேரத்தில் நிறைகிறது, நிறைந்ததை லிஃப்ட்டில் தூக்கிக்கொண்டு போக முடிகிறதா, ஊற்றும்போது தெறிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். இருவருக்கும் அது சரிப்பட்ட பிறகு தொட்டிகளைக் கட்டுவது, அப்புறம் தட்டு, குழாய், பம்ப். சுவர்ப் பலகையை மட்டும் கடைசி வரை அடிக்க வேண்டாம். நல்ல தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பி, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டி, ஓசூர் வரை ஒரு தடவை போய்த் திரும்புங்கள். வந்து இறங்கியதும் ஒவ்வொரு துண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும் இடத்தில் கிளிப்பை இறுக்கி, மறுபடி காகிதம் கட்டி, இன்னொரு தடவை. எல்லாத் துண்டும் காய்ந்தே இருந்தால் பலகை அடிக்கலாம்.